இடுப்பு மூட்டுக்குப் புதுக் கிண்ணம் தந்த ஜான் சார்ன்லி: தோற்றுப்போன பிளாஸ்டிக்கைத் தன் தொடையிலேயே சோதித்த டாக்டர்

அலிபிரியில் இருந்து திருமலைக்கு நடந்துபோனால் சுமார் 3,550 படிகள். ஒவ்வொரு படியிலும் இடுப்பு மூட்டு தாங்குவது நம் உடல் எடையை மட்டுமல்ல, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பாரத்தை வாங்கும் எலும்புக் கிண்ணம் தேய்ந்துவிட்டால், படி ஏறுவதை விடுங்க, பஸ் ஏறுவதே பெரும்பாடு.

திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்டு மருத்துவமனையிலும், சித்தூர்க்காரர்கள் வழக்கமாகப் போகும் வேலூர் சிஎம்சியிலும் இன்று இதற்குச் செயற்கை மூட்டு பொருத்துகிறார்கள். இந்த ஆபரேஷனுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் ஜான் சார்ன்லி. யார் இவர்?

கிண்ணம் எப்படி உடைகிறது?

இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கிறது. மூன்று எலும்புகள் சேர்ந்து உருவாகும் இது, பதின்ம வயதில்தான் முழுசாக ஒன்றாகிறது. தொடை எலும்பின் பந்து போன்ற தலை இதற்குள் சுழல்கிறது. இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு இருப்பதால் உராய்வு மிகக் குறைவு.

கார் விபத்தில் முட்டி முன்பலகையில் மோதினால், அந்த வேகம் தொடை எலும்பு வழியாகப் போய்க் கிண்ணத்தின் பின்சுவரை உடைக்கலாம். பந்தும் வெளியே நழுவலாம். நழுவிய பந்தைச் சில மணி நேரத்துக்குள் உள்ளே வைக்கணும். தாமதமானால் ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு. உடைந்த கிண்ணத்தைத் தகடும் திருகும் வைத்துச் சேர்க்கும் முறைக்கு, பிரான்ஸின் ஜூடே சகோதரர்களும் எமில் லெத்தூர்னெலும் 1964-ல் வெளியிட்ட ஆய்வு அடித்தளம் போட்டது.

ஆனால் சேர்க்கவே முடியாதபடி மூட்டு தேய்ந்துபோனால்? அங்கேதான் சார்ன்லி வருகிறார்.

கீச் கீச் சத்தம்

1911 ஆகஸ்ட் 29-ல் இங்கிலாந்தின் பரி நகரில் பிறந்தவர் சார்ன்லி. அப்பா மருந்துக்கடைக்காரர், அம்மா நர்ஸ். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து 1935-ல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராக எகிப்தில் வேலை பார்த்தார்.

போருக்குப் பிறகு, ஜூடே சகோதரர்கள் உருவாக்கிய அக்ரிலிக் பந்து பொருத்தப்பட்ட ஒரு நோயாளியைப் பார்த்தார். அவர் அசைந்தாலே மூட்டு கீச் கீச் என்று கத்தியது. சத்தம் வந்தால் உராய்வு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பந்தை மாற்றினால் மட்டும் போதாது, கிண்ணத்தையும் மாற்றணும் என்ற முடிவுக்கு வந்தார்.

காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டனில், 1950-களின் கடைசியில் டெஃப்ளான் கிண்ணங்களைப் பொருத்தத் தொடங்கினார். வலியோடு வந்தவர்கள் நடந்து திரும்பினார்கள். ஆனால் மூன்று, நான்கு வருடங்களில் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த சதையையும் எலும்பையும் கெடுத்தன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 300 பேர்.

சார்ன்லி அவர்களைக் கைவிடவில்லை. மறு ஆபரேஷன்களைத் தானே செய்தார். டெஃப்ளானைத் தன் தொடைக்குள்ளேயே வைத்து, உடம்பு அதை எப்படி எதிர்க்கிறது என்று பார்த்தார்.

நெசவு ஆலையில் இருந்து வந்த பிளாஸ்டிக்

1962-ல் ஒரு விற்பனையாளர், நெசவு இயந்திரப் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒரு வகைப் பாலிஎத்திலீனைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வெளியூர் போனார். பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவன் மட்டும் விடவில்லை. அதைச் சோதனை இயந்திரத்தில் ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்ளான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் மனித உடலுக்குள் போனது. அதோடு 22.25 மில்லிமீட்டர் உலோகப் பந்து. இயற்கையான பந்தில் ஏறக்குறைய பாதி அளவுதான். சின்னப் பந்து என்பதால் கிண்ணத்தை இழுக்கும் விசை குறைவு. எலும்போடு பிடிக்க அக்ரிலிக் சிமெண்ட். இது பசை மாதிரி ஒட்டாது, சாந்து மாதிரி இடைவெளியை நிரப்பும். வடிகட்டிய காற்று ஓடும் ஆபரேஷன் அறையையும் அவர் உருவாக்கினார். சுமார் 7 சதவீதமாக இருந்த தொற்று, படிப்படியாக 1 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

ஏன் உடனே விற்கவில்லை?

டெஃப்ளானில் பட்ட சூடு அவருக்கு மறக்கவில்லை. பல வருடங்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்தார். ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்ற டாக்டர்களுக்கு மட்டுமே மூட்டைக் கொடுக்கச் செய்தார். 1974-ல் லாஸ்கர் விருது, 1977-ல் சர் பட்டம். 1982 ஆகஸ்ட் 5-ல் காலமானார்.

அந்தப் பொறுமையின் மதிப்பு என்ன என்பதை ஏஎஸ்ஆர் விவகாரம் காட்டியது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிபியூ நிறுவனம் விற்ற, உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து சுழலும் இந்த மூட்டை 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் ஏராளமானோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது.

நோயாளி என்ன செய்யணும்?

பொருத்தப்போகும் மூட்டின் பெயர் என்ன, கிண்ணம் எந்தப் பொருளால் ஆனது, எத்தனை வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்க. அந்த விவரம் உள்ள அட்டையைப் பத்திரமாக வையுங்க. குத்தவைத்து உட்காரலாமா, படி ஏறலாமா என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. வலி இல்லையே என்று எக்ஸ்ரே பரிசோதனையைத் தவிர்க்காதீங்க. கிண்ணம் தேயும்போது பல நேரம் வலியே தெரியாது.