பட்டம் துறந்த பெருந்தகை

வையையாறு வளஞ்செய்யும் மதுரை மாநகர், தமிழ் வளர்த்த பெருமையுடையது. நாட்டின் உரிமைக்குக் குரல்கொடுத்த நல்லோர் பலரை ஈன்ற பெருமையும் அதற்குண்டு. அவர்களுள் முன்னோடியாய்த் திகழ்ந்தவர் சர். எஸ். சுப்பிரமணிய ஐயர் ஆவார். மக்கள் அவரை மணி ஐயர் என்று அன்புடன் அழைத்தனர்.

அவர் 1842ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் மதுரையிற் பிறந்தார். தந்தையார் சுப்பையர், இராமநாதபுரம் ஜமீன்தாரின் அலுவல்களைக் கவனித்து வந்தவர். மைந்தர்க்கு இரண்டு வயதாகும்போதே அவர் காலமானார். மதுரையிலேயே பள்ளிக்கல்வி முடித்த இளைஞர், அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். அலுவல் ஒழிந்த நேரமெல்லாம் சட்ட நூல்களைக் கற்றார். 1868இல் பி.எல். தேர்வில் வெற்றியெய்தி, அடுத்த ஆண்டில் மதுரையில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஜமீன்களும் கோயில் நிலங்களும் நிறைந்த சுற்றுப்புறச் சமவெளியில் நில வழக்குகட்குக் குறைவில்லை. அவருடைய புகழும் நாளுக்கு நாள் வளர்ந்தது. நகராட்சி உறுப்பினராகவும் அவர் தொண்டாற்றினார்.

1884இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு அவர் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். அக்காலச் சட்டசபை இக்காலத்தது போன்றதன்று. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அச்சபைக்கு மக்கள் எவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆளுநரே உறுப்பினரை நியமித்தார். அரசாங்கம் முன்வைத்த சட்டங்களைப் பற்றி மட்டுமே அவர்கள் பேசலாம். ஆட்சியாளரை நோக்கி வினாவெழுப்பும் உரிமை அவர்கட்கு இல்லை. மக்கள் குரல் இல்லாத மன்றம் அது. மறு ஆண்டில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை முதன்முறையாகக் கூடியபொழுது, ஐயர் அங்கும் சென்று கலந்துகொண்டார்.

பின்னர்ப் பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1888இல் அரசாங்க வழக்கறிஞரானார். 1895இல் சென்னை உயர்நீதி மன்ற நீதிபதியானார். தலைமை நீதிபதியின் இடத்தில் தற்காலிகமாக மும்முறை பணியாற்றினார். திவான் பகதூர்ப் பட்டமும், 1900இல் சர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1907இல் பதவியினின்று ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்ற முதியவர் அமைதியாய் வாழ்ந்திருக்கலாம். ஆனால், 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சுயாட்சி இயக்கத்தைத் தொடங்கியபொழுது, அதன் மதிப்புறு தலைமையை அவர் ஏற்றார். 1917ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அம்மையார் உதகமண்டலத்திற் காவலில் வைக்கப்பட்டார். அப்பொழுது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. மக்களாட்சியைக் காக்கவே போரில் இறங்கியதாக அமெரிக்கா உலகறியக் கூறியிருந்தது. அக்கொள்கை இந்தியருக்கும் பொருந்துமன்றோ என எண்ணிய ஐயர், அந்நாட்டுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு ஒரு மடல் வரைந்தார். இந்தியர் தம் ஆட்சியில் தமக்குக் குரலின்றி வாடுவதை அதில் விளக்கி, சுயாட்சி பெற உதவுமாறு வேண்டினார். அஞ்சலில் அனுப்பின் அரசாங்கம் தடுத்துவிடும். ஆதலின், அமெரிக்கத் தம்பதியர் வழியாக அதனை அனுப்பினார்.

செய்தி வெளியானதும் ஆட்சியாளர் வெகுண்டனர். இந்தியா மந்திரி மாண்டேகு இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அவரைக் கண்டித்துரைத்தார். முப்பதாண்டு உழைப்பால் வந்த சிறப்புகளைக் காப்பதா, எழுதியதில் உறுதியாய் நிற்பதா என்னும் நிலை வந்துற்றது. ஐயர் தயங்கவில்லை. 1918இல் அரசாங்கம் அளித்த பட்டங்களனைத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். 1924ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்று நம் சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எழுந்து அமைச்சரை வினவுகின்றார். அமைச்சர் விடை கூறுகின்றார். அவ்வுரிமை தானாக வந்ததன்று. பட்டத்தினும் கடமையைப் பெரிதெனக் கொண்ட மணி ஐயர் போன்றோரின் துணிவால் வந்தது. அதனைப் போற்றிக் காப்பது நம் கடனாகும்.