கடலில் சீட்டுக் கேட்ட கானோஜி ஆங்கரே

கேட்வே ஆப் இந்தியாவில் லாஞ்ச் ஏறி, மாண்ட்வா வழியாக அலிபாக் போய் வந்த தமிழர்கள் மும்பையில் ஏராளம். அங்கே கடலுக்குள் நிற்கும் குலாபா கோட்டைக்கு, தண்ணீர் வற்றிய வேளையில் நடந்தே போயிருப்பார்கள். அந்தக் கோட்டைக்கு அதிபதியாக இருந்தவர்தான் கானோஜி ஆங்கரே. ஆங்கிலேயர் ஏடுகளில் அவர் கடற்கொள்ளைக்காரர். மராட்டியருக்கோ 'சர்கேல்', அதாவது கடற்படைத் தளபதி.

தந்தை துகோஜி, சிவாஜி மகாராஜாவிடம் பணிபுரிந்தவர். 1698-ல் சித்தோஜி குஜர் காலமானதும் கடற்படைப் பொறுப்பு கானோஜியிடம் வந்தது.

கொங்கணக் கரையோரம் செல்லும் வணிகக் கப்பல்கள் பணம் கட்டி அவரிடம் 'தஸ்தக்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இருந்தால் அவருடைய ஆட்கள் தொடமாட்டார்கள். இல்லையேல் கப்பலும் சரக்கும் பறிமுதல். டிக்கெட் இல்லாமல் ரயிலேறியவன் கதைதான். அபராதம் மட்டும் சற்றுப் பெரிது! போர்த்துக்கீசியர் இதே போன்ற சீட்டை இருநூறு ஆண்டுகளாக விற்று வந்தார்கள். ஆங்கிலேயக் கம்பெனியும் எழுதிக் கொடுத்தது. வெள்ளையர் கொடுத்தால் சட்டம், கானோஜி கொடுத்தால் கொள்ளையா என்று கேட்கத் தோன்றுகிறது.

சண்டைக்கு மூலகாரணம் இந்தச் சீட்டுதான். கம்பெனியின் கொடி பறந்தால் உள்ளூர் வணிகரின் சரக்கையும் தொடக்கூடாது என்றனர் ஆங்கிலேயர். கானோஜி இணங்கவில்லை. ஆழமில்லாத நீரிலும் ஓடக்கூடிய 'குராப்' கப்பல்கள் அவரிடம் இருந்தன. காற்று விழுந்தால் துடுப்புப் படகுகள் அவற்றை இழுத்துச் செல்லும். எதிரியின் பின்புறமாக வந்து பாய்மரங்களைச் சுட்டு வீழ்த்துவது அவர்கள் வழக்கம்.

1712-ல் பம்பாய் கவர்னரின் ஆயுதம் தாங்கிய படகையே பிடித்துவிட்டார். அதில் வந்த கார்வார் கம்பெனி அதிகாரி மாண்டார். சிறைப்பட்ட அவர் மனைவி, மறு ஆண்டு 30,000 ரூபாய் கொடுத்த பிறகே விடுவிக்கப்பட்டார். இதை வீரம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

1718-ல் கவர்னர் பூன் கண்டேரித் தீவைத் தாக்கித் தோற்றார். 1721-ல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் சேர்ந்து குலாபா மீது படையெடுத்தனர். மடகாஸ்கர் கொள்ளையரை ஒடுக்க இங்கிலாந்திலிருந்து வந்த அரசுப் போர்க்கப்பல்களும் அதில் கலந்துகொண்டன. அதுவும் பலிக்கவில்லை. போர்த்துக்கீசியர் தனியே சமாதானம் செய்துகொண்டார்கள். கம்பெனியோ தன் வணிகக் கப்பல்களுக்குப் போர்க்கப்பல்களைத் துணைக்கு அனுப்பிப் பணத்தைச் செலவழித்தது.

1729-ல் கானோஜி காலமானார். பிள்ளைகளுக்குள் பிளவு உண்டாயிற்று. 1756-ல் ஆங்கிலேயர் பேஷ்வாவுடன் சேர்ந்து, அவர் மகன் துளாஜியிடமிருந்து விஜயதுர்கத்தைப் பிடித்தனர்.

அலிபாக்கில் கானோஜியின் சமாதி இருக்கிறது. மும்பைக் கோட்டைப் பகுதியில் நம் கடற்படையின் கரைத்தளம் ஒன்றுக்கு 1951-ல் ஆங்கரே என்று பெயரிட்டார்கள்.