நீரில் பிறந்த ஒளி

அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் விசைத்தறிகளும் பின்னல் எந்திரங்களும் ஓயாது ஒலிக்கின்றன. அவற்றை இயக்கும் மின்சாரம் நம் நாட்டில் அரிதாக இருந்த காலமும் உண்டு. அக்காலத்தில் காவிரி நீரைக் கால்வாயில் திருப்பித் தொழிலுக்கு மின்னாற்றல் தர முனைந்த ஒருவரின் வாழ்க்கையை அறிவோம்.

பிறப்பும் பணியும்

சேஷாத்திரி ஐயர் 1845ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று, பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கோழிக்கோட்டிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1868ஆம் ஆண்டு மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, திவான் ரங்காச்சார்லுவின் மறைவுக்குப் பின் 1883இல் திவானாகப் பொறுப்பேற்றார்.

1876 முதல் 1878 வரை நிலவிய கொடும்பஞ்சம் மைசூர் நாட்டில் இலட்சக்கணக்கான உயிர்களைப் பறித்திருந்தது. வானத்தை மட்டுமே நம்பி ஒரு நாடு வாழ இயலாது என்பதைப் புதிய திவான் நன்கு உணர்ந்திருந்தார். இருப்புப்பாதைகளை நீட்டினார், பாசனப் பணிகளைப் பெருக்கினார், தொழில் வளர்ச்சிக்கு வழி தேடினார்.

துணிந்த முடிவு

அந்நாளில் கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் ஆழம் பெற்றுவந்தன. அங்கு உழைத்தோருள் தமிழர் மிகுதி. பாறையை உடைக்கவும், உடைத்த கல்லை மேலேற்றிப் பொடியாக்கவும் நீராவிப் பொறிகளே பயன்பட்டன. அவற்றுக்கு வேண்டிய எரிபொருளின் செலவோ பெரிது.

சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக வீழ்கிறது. அவ்வீழ்ச்சியின் ஆற்றலை மின்சாரமாக்கிக் கோலாருக்கு அனுப்பலாம் என்னும் திட்டத்தை, மைசூர் அரசின் பொறியாளர் டி லாட்பினியர் முன்வைத்தார். 1897இல் டார்ஜிலிங்கில் சிறியதொரு நீர்மின்நிலையம் அமைந்திருந்தது. எனினும் 147 கி.மீ. தொலைவுக்கு மின்னாற்றலை அனுப்பும் முயற்சி இந்தியாவுக்கு முற்றிலும் புதிது. திட்டம் தோற்றால் அரசின் பெரும்பொருள் வீணாகும். பழி திவானையே சேரும். அனைத்தையும் ஆராய்ந்த சேஷாத்திரி ஐயர், திட்டத்தை ஏற்று முன்னெடுத்தார்.

கால்வாயும் மின்நிலையமும்

அருவிக்கு மேற்புறத்தில் ஆற்றுநீர் கால்வாயில் திருப்பப்பட்டது. கால்வாய் நீர் தேக்கத்தொட்டியை அடைந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களின் வழியே ஏறத்தாழ 400 அடி கீழே பாய்ந்தது. அவ்விசையில் விசையாழிகள் சுழல, அவற்றுடன் இணைந்த மின்னியற்றிகள் மின்சாரம் தந்தன. சுழற்றிய நீர் குறையாமல் மீண்டும் காவிரியையே அடைந்தது. ஆற்றிடம் கடன் பெற்று, பணி முடிந்ததும் திருப்பித் தரும் ஏற்பாடு அது!

பாறை நிலத்தில் கால்வாய் வெட்டுதல் எளிதன்று. கடல் கடந்து வந்த கனத்த எந்திரங்களைப் பள்ளத்தாக்கில் இறக்குவதும் அரும்பணியே. பெயர் அறியப்படாத தொழிலாளர் பலரின் உழைப்பால் அப்பணி நிறைவேறியது.

காணாத ஒளி

பணிகள் நடந்துகொண்டிருந்தபோதே சேஷாத்திரி ஐயரின் உடல்நலம் குன்றியது. 1901இல் பதவியிலிருந்து விலகிய அவர், அவ்வாண்டு செப்டம்பர் 13 அன்று மறைந்தார். 1902ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்து மின்சாரம் கோலாரை எட்டியது. இடையில் இருந்தவை பத்துத் திங்களுக்கும் குறைவே. 1905இல் பெங்களூருவின் தெருக்களிலும் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. அவற்றுள் ஒன்றையும் அவர் கண்டதில்லை.

சிவசமுத்திர மின்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தென்னிந்தியத் தொழில்களுக்கு நீர்மின்சாரம் பயன்படும் என்பதை அது மெய்ப்பித்தது. 1932இல் நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்துப் பஞ்சாலைகளும் நீர்மின்சாரத்தால் வளர்ந்தன.

தம் வாழ்நாளுக்குள் பலன் கிட்டுமா என்று எண்ணியவர்கள் கால்வாய் வெட்டுவதில்லை. பின்வருவோரின் நலனை எண்ணி முடிவெடுத்தலே ஆட்சித்திறன் என்பதைச் சேஷாத்திரி ஐயரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.