அருவிக்குள் வெளிச்சத்தைக் கண்டவர்
பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுத் தோழியர் கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைத்தான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறேன். இங்கே வேறொருவரைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். அவர் நம் கல்லூரிக்கு வந்து போனவர் அல்லர். நம் மொழி பேசியவரும் அல்லர். ஆனாலும் நம் விடுதியில் இரவு பத்து மணிவரை படித்து முன்னேறிய ஒவ்வொரு மாணவியும் அவருக்குச் சிறு கடன்பட்டவள்.

விளையாட்டுப் போட்டிகளுக்காக நுவரெலியா போகும்போது அட்டனில் ரயில் ஏறுவோம். கொட்டகலைக்கு முன் சிங்கமலைச் சுரங்கம் வரும். அந்நாளில் நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கம் அதுதான். அரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். இருட்டு வந்ததும் நாம் போடும் கூச்சலும், டீச்சர்மாரின் அதட்டலும் பழைய மாணவியர் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைவிடப் பல மடங்கு நீளமான சுரங்கங்கள் நம் மலைகளுக்குள் இருக்கின்றன என்பது அன்று நமக்குத் தெரியாது. அவற்றில் ரயில் ஓடுவதில்லை, தண்ணீர் ஓடுகிறது. காசல்ரீ, நோர்ட்டன், மவுசாகலை, கென்யன் ஆகிய நீர்த்தேக்கங்களின் நீர் மலையைக் குடைந்த அந்தச் சுரங்கங்கள் வழியே இறங்கித்தான் நாட்டுக்கு மின்சாரமாகிறது. இவை எதுவும் இல்லாத காலத்தில், இவ்வாறு செய்ய முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர.

அவர் 1874 செப்டெம்பர் 17ஆம் திகதி காலியில் பிறந்தார். தந்தையார் கைதேர்ந்த கைவினைஞர். கொழும்பு ஆனந்தா கல்லூரியில் படித்தபின் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்றார். பொது வேலைத் திணைக்களத்தில் கீழ்மட்டப் பதவியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். பெரிய பதவிகளெல்லாம் வெள்ளையருக்கே என்றிருந்த காலம் அது. பின்னர் இங்கிலாந்து சென்று, லண்டன் ஃபரடே ஹவுசில் மின்பொறியியலும் கற்றார். கட்டடமும் பாலமும் கட்டத் தெரிந்தவர் மின்சாரத்தையும் அறிந்துகொண்டதால், மலைநாட்டு ஆறுகளை அவர் பார்த்த விதமே வேறாயிற்று.

நாம் அறிந்த இரண்டு ஆறுகள்தாம் அவை. ஒன்று கெஹெல்கமு ஓயா, மற்றொன்று மஸ்கெலியா ஓயா. இரண்டும் உயர்ந்த மலைகளில் தோன்றிப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்புக்கு அருகே கடலில் விழுகின்றன. வழியில் கெஹெல்கமு ஓயாவில் அபர்தீன் நீர்வீழ்ச்சி, மஸ்கெலியா ஓயாவில் லக்ஷபான நீர்வீழ்ச்சி. தோட்டத்துரைமார் அவற்றை அழகுக் காட்சியாகப் பார்த்தார்கள். விமலசுரேந்திர ஆண்டு முழுவதும் வற்றாமல் விழும் ஒரு விசையைப் பார்த்தார்.

நீரிலிருந்து மின்சாரம் பெறுவதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். தண்ணீரின் அளவு ஒன்று, அது விழும் உயரம் மற்றது. தட்டையான நாட்டில் பெரிய ஆறு இருந்தும் உயரம் குறைவாகவே கிடைக்கும். நம் மலைகளில் ஆறு சிறிதானாலும் உயரம் மிக அதிகம். எனவே அணை கட்டி நீரைத் தேக்கி, சரிவு குறைந்த சுரங்கத்தில் மலைக்குள்ளாகவே கொண்டுபோய், கடைசியில் இரும்புக் குழாயில் செங்குத்தாக இறக்கினால் அடியில் பெரும் அழுத்தம் உண்டாகும். நோர்ட்டன் பிரிட்ஜிலிருந்து பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு நீர் இறங்கும் உயரம் நானூறு மீற்றருக்கு மேல். அந்த அழுத்தத்தில் குழாய் முனையிலிருந்து பீறிடும் நீர், கிண்ணங்கள் பொருத்திய ஒரு சக்கரத்தில் மோதி அதைச் சுழற்றும். கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் வாழ்ந்த லெஸ்டர் பெல்டன் என்பவர் 1880இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு அந்தச் சக்கரம். உயரமான மலையும் குறைந்த நீரும் உள்ள இடங்களுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அது அமைந்தது.

விமலசுரேந்திர முதலில் சிறிய அளவில் செய்து காட்டினார். 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின்நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு மின்சாரம் கொடுத்தார். தேயிலைத் தோட்டங்களிலும் அக்காலத்தில் நூற்றுக்கணக்கான சிறு நீர்ச்சக்கரங்கள் இருந்தன. தோட்டத்து ஓடையைத் திருப்பித் தேயிலை அரைக்கும் இயந்திரங்களை ஓட்டினார்கள். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு தொழிற்சாலையோடு முடிந்துவிட்டன. முழு நாட்டுக்கும் போதுமான மின்சாரத்தை இரண்டு ஆறுகளிலிருந்து எடுக்கலாம் என்று நினைத்தவர் அவர்.

1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் நாட்டின் நீர்மின்வலுவை எவ்வாறு சிக்கனமாகப் பயன்படுத்தலாம் என்பது பற்றி ஆய்வுரை ஒன்றைச் சமர்ப்பித்தார். இவ்விரண்டு ஆறுகளிலிருந்தும் ஓர் இலட்சம் கிலோவாட்டுக்கு மேல் மின்வலு பெறலாம் என்பது அவர் கணக்கு. மலையேறும் ரயிலைக்கூட மின்சாரத்தால் ஓட்டலாம் என்றும் அவர் எண்ணினார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகளில், இன்று எனக்கிருக்கும் வயது. கொழும்பிலேயே பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லாத நாளில் அந்தத் தொகையைக் கேட்டவர்களுக்கு அது வீண்கனவாகவே தோன்றியிருக்கும்.

1924இல் அபர்தீன் லக்ஷபானத் திட்டத்தின் வேலை ஆரம்பமாயிற்று. நம் கல்லூரிக்கும் அந்தத் திட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் சில ஆண்டுகளில் பணமில்லை என்று வேலை நிறுத்தப்பட்டது. வெட்டிய இடங்களில் மீண்டும் காடு வளர்ந்தது. தம்மால் முடிந்ததைச் செய்தாயிற்று என்று அவர் ஓய்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அரச சேவையை விட்டு விலகி, சர்வஜன வாக்குரிமையின் கீழ் 1931இல் நடந்த முதல் தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியில் நின்று வென்று அரசாங்க சபைக்குச் சென்றார். அலுவலகக் கோப்பில் அசையாத விஷயத்தைச் சபையில் பேசி அசைக்கப் பார்த்தார். பொறியியலாளர் ஒருவர் தம் திட்டத்துக்காக அரசியலுக்குப் போனது நம் நாட்டில் அபூர்வம்.

அதன் பிறகும் திட்டம் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. இரண்டாம் உலகப் போரும் குறுக்கே வந்தது. கடைசியில் 1950இல் லக்ஷபான மின்நிலையத்தின் முதற்கட்டம் 25 மெகாவாட் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. ஆய்வுரை சமர்ப்பித்து 32 ஆண்டுகள் கடந்திருந்தன. விமலசுரேந்திரவுக்கு அப்போது வயது 76. மூன்று ஆண்டுகளுக்குள், 1953 ஆகஸ்ட் 10ஆம் திகதி அவர் காலமானார்.

அவர் போன பின் அவர் போட்ட கணக்கு சரியென்று காலம் காட்டியது. 1958இல் லக்ஷபானவின் ஆற்றல் 50 மெகாவாட்டாக உயர்ந்தது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும் நோர்ட்டனில் 50 மெகாவாட் மின்நிலையமும் வந்தன. அந்த மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரையே சூட்டினார்கள். பிறகு மவுசாகலை, பொல்பிட்டிய, புதிய லக்ஷபான, கென்யன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரே நீர் ஒரு மின்நிலையத்தில் வேலை செய்துவிட்டு அடுத்த சுரங்கத்தில் நுழைந்து, கீழேயுள்ள இன்னொன்றிலும் வேலை செய்கிறது. இன்று அந்த ஐந்து நிலையங்களின் ஆற்றல் 300 மெகாவாட்டுக்கு மேல். அவர் சொன்னதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இவ்வளவோடு முடித்திருந்தால் இது பாடப்புத்தகக் கட்டுரையாகியிருக்கும். நம் மலர் நம்மவருக்கானது. ஆகவே மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும்.

லக்ஷபானவில் விளக்கெரிந்த 1950இல் அந்த மலைகளில் கொழுந்து பறித்த நம் பாட்டிமாரில் பெரும்பாலோர் நாடற்றவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை அந்த நிலையில் வைத்தது. வாக்குரிமையும் அதன்பின் போயிற்று. மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடும் கோடையில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோவில் இன்றும் வெளியே தெரிகிறது. நாட்டுக்கு வெளிச்சம் தர நம் மலை கொடுத்தவற்றில் இவையும் அடங்கும்.

நான் பிறந்தது காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும் ஒரு தோட்டத்து லயத்தில். மின்சாரம் கொண்டுபோகும் பெரிய கம்பிகள் எங்கள் மலைக்கு மேலாகவே சென்றன. தொழிற்சாலையில் விளக்கு எரிந்தது, பங்களாவிலும் எரிந்தது. எங்கள் காம்பறாவில் குப்பி விளக்குதான். உயரழுத்தக் கம்பியிலிருந்து வீட்டுக்கு நேரே மின்சாரம் எடுக்க முடியாது. இடையில் மின்மாற்றியும் சிறு கம்பிகளும் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். பணத்தைச் சேர்த்தாலும் வீடு எங்கள் பெயரில் இல்லை; தோட்டத்தின் வீட்டுக்கு நாங்கள் எப்படி விண்ணப்பிப்பது? நீர் தடையின்றி மலையைக் குடைந்து போயிற்று. எங்கள் மனு ஓர் அலுவலக மேசையைத் தாண்டிப் போகவில்லை.

நான் ஆண்டு ஐந்து புலமைப்பரிசிலுக்குப் படித்த ஓர் இரவில் அந்தக் குப்பி விளக்கு சரிந்து தங்கையின் கையில் மண்ணெண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. அம்மாயி ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். அந்தத் தழும்பு தங்கையின் கையில் இன்றும் இருக்கிறது. நான் மருத்துவரானதற்கு என்ன காரணம் என்று யாரும் கேட்டால் பல பதில்கள் சொல்வேன். மனதுக்குள் அந்த இரவுதான் வரும். பிற்காலத்தில் தீப்புண் வார்டில் வேலை செய்தபோது குப்பி விளக்கால் எரிந்த எத்தனையோ கைகளுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். மின்சாரம் என்றால் பலருக்கு வசதி. எனக்கு அது ஒரு நோய்த் தடுப்பு மருந்து.

ஆறாம் ஆண்டில் நம் விடுதிக்கு வந்த முதல் நாள் சுவிச்சைப் போட்டுப் போட்டு அணைத்து, மேற்றனிடம் ஏச்சு வாங்கினேன். அந்த வெளிச்சத்தில் எட்டு வருடம் படித்தேன். நான் உயர்தரம் படிக்கும்போதுதான் எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்தது. லக்ஷபான இயங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அம்மாயி அந்தப் பல்பைப் பார்த்துக் கும்பிட்டார். தாம் வாழ்நாளெல்லாம் பார்த்த ஆற்றுத்தண்ணீர்தான் இப்படி எரிகிறது என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

விமலசுரேந்திரவின் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். எல்லோரும் தினமும் பார்க்கிற ஒன்றில் புதிதாக ஒன்றைக் காண்பதற்குப் படிப்பு வேண்டும். கண்டதை மற்றவர் ஏற்கும்வரை விடாமல் சொல்வதற்கு மனவுறுதி வேண்டும். அவர் 32 ஆண்டுகள் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. கிடைத்ததைக் கடைசி லயத்தின் கடைசிக் காம்பறா வரை கொண்டுபோவதுதான் அது. அந்தப் பகுதியை எந்தப் பொறியியலாளரும் தனியாக முடித்துத் தரமாட்டார். அது படித்தவர்களின் வேலை, நம் வேலை.

தோழியரே, கனடாவில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் வவுனியாவில் இருந்தாலும் நீங்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது நோர்ட்டன் பிரிட்ஜ் வரை ஒரு தடவை போய் வாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மலைச்சரிவில் இறங்கும் அந்த இரும்புக் குழாய்களைக் காட்டி, மேலே மலைக்குள் ஓடும் தண்ணீரின் கதையைச் சொல்லுங்கள். அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்து லயத்தில் விளக்கெரிகிறதா, பிள்ளை படிக்கிறாளா என்று அப்படியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டும் வாருங்கள்.