தரையில் நடக்க முடியாதவர் படியேறியது எப்படி? மூளைக்கு மாற்றுப் பாதை தேடிய லூரியாவின் கதை

வீட்டுத் தரையில் நாலு அடி எடுத்து வைக்க முடியாத ஒருவர், மாடிப்படியில் மட்டும் மளமளவென ஏறுகிறார். பார்ப்பவர்களுக்கு நடிப்பு மாதிரி தெரியும். ஆனால் நடிப்பு இல்லை. பார்கின்சன் நோயாளிகள் சிலருக்கு இது நிஜமாகவே நடக்கும்.

மாஸ்கோவில் இதைக் கவனித்தவர்கள் இரண்டு உளவியலாளர்கள். ஒருவர் அலெக்சாண்டர் லூரியா, இன்னொருவர் அவருடைய நண்பர் லெவ் வைகோட்ஸ்கி. தரையில் வரிசையாகக் காகிதத் துண்டுகளைப் போட்டார்கள். ஒவ்வொன்றையும் தாண்டி வரச் சொன்னார்கள். உறைந்து நின்ற நோயாளி நடக்க ஆரம்பித்தார்!

இது எப்படிச் சாத்தியம்? நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பதில்லை. அதைத் தானாக நடத்திக் கொடுக்கும் ஏற்பாடு மூளையின் ஆழத்தில் இருக்கிறது. பார்கின்சனில் பழுதாவது அதுதான். காகிதத்தைக் கண்ணால் பார்த்து, யோசித்து, ஒரு அடி வைக்கும்போது மூளை வேறு பகுதிகளின் உதவியோடு அதே வேலையைச் செய்கிறது. நேர் ரோடு அடைபட்டால் சந்து வழியாகப் போவது போலத்தான். இந்த மாற்றுப் பாதையைத் தேடுவதே லூரியாவின் வாழ்நாள் வேலையானது.

யார் இந்த லூரியா?

1902 ஜூலை 16-ல் ரஷ்யாவின் கசான் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா டாக்டர், அம்மா பல் டாக்டர். 1921-ல், 19 வயதிலேயே பட்டம் வாங்கிவிட்டார். 1924-ல் வைகோட்ஸ்கியைச் சந்தித்தார். 10 வருட நட்பு அது. 1934-ல் வைகோட்ஸ்கி காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 37 மட்டுமே.

ஏற்கெனவே உளவியலில் பேர் வாங்கியிருந்த லூரியா, அதன் பிறகு மாணவர்களோடு மாணவராக மருத்துவக் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்தார். உளவியலாளர்கள் மீது அரசியல் நெருக்கடி கூடிக்கொண்டிருந்த காலம் அது. 1937-ல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

போர் கொண்டுவந்த நோயாளிகள்

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் யூனியன் மீது படையெடுத்தது. தலையில் குண்டடி பட்டு உயிர் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பலரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். பேச்சு போனவர்கள், எழுத்து மறந்தவர்கள், கையில் இருப்பது கரண்டியா சீப்பா என்று தெரியாதவர்கள். இவர்களுக்காக யூரல் மலைப்பகுதியில் ஒரு ஆரோக்கிய விடுதியை 400 படுக்கை கொண்ட மறுவாழ்வு மருத்துவமனையாக மாற்றும் பொறுப்பு லூரியாவிடம் வந்தது.

அழிந்த மூளைச் செல்களைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அப்படியென்றால் என்னதான் செய்வது? எழுதுவதோ பேசுவதோ மூளையின் ஒரே ஒரு இடத்தில் நடக்கும் வேலை கிடையாது, பல பகுதிகள் சேர்ந்து செய்யும் கூட்டு வேலை என்பது லூரியாவின் கருத்து. கூட்டத்தில் ஒருவர் லீவு போட்டால் வேலையைப் பிரித்துக் கொடுப்போம் இல்லையா? அதையே அவர் மூளைக்குச் செய்து பார்த்தார்.

உதாரணத்துக்கு, ஒருவருக்குத் தனித்தனி வாக்கியம் வரும், ஆனால் கோர்வையாக ஒரு கதை சொல்ல வராது. ஆனால், பிறகு, அதனால் போன்ற இணைப்புச் சொற்களை அட்டையில் எழுதி அவர் முன்னால் வைத்தார்கள். அட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் கதையை நகர்த்தினார்.

லூரியாவின் சக ஆய்வாளர் லியோன்டியேவ், வேறொரு மருத்துவமனையில் கையில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்தார். முடிந்தவரை கையைத் தூக்கு என்றால் ஓரளவோடு நின்றுவிடும் கை, உயரத்தில் இருக்கும் ஒரு பொருளை எடு என்றால் இன்னும் மேலே போனது. வெறும் பயிற்சியைவிட ஒரு காரியத்துக்காகச் செய்யும் அசைவு பலன் தருகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

எழுதினார், படிக்க முடியவில்லை

லூரியாவின் நோயாளிகளில் உலகம் அறிந்தவர் லெவ் ஜசெட்ஸ்கி. 1943 மார்ச்சில், 23 வயதில், ஸ்மோலென்ஸ்க் பகுதியில் நடந்த சண்டையில் தோட்டா அவருடைய இடது மூளையைத் துளைத்தது. பார்வையின் வலப்பக்கம் போனது. எழுத்துகள் அந்நியமாயின. கல்லூரியில் படித்த இளைஞர், பென்சிலை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு எழுத்தாக யோசித்தால் கை நின்றுவிடும். ஆனால் கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுதினால் வார்த்தை வந்துவிட்டது. யோசிக்காமல் எழுதும் பழைய கைப்பழக்கம் தப்பியிருந்தது. பார்கின்சன் நோயாளிக்கு நேர் எதிர்! அவருக்கு யோசித்து வைத்த அடி உதவியது, இவருக்கு யோசிக்காத கை உதவியது. எந்தப் பாதை மிச்சம் இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜசெட்ஸ்கி சுமார் 25 வருடங்களில் 3,000 பக்கங்கள் எழுதினார். தான் எழுதியதைத் தானே படிக்க ரொம்பவே திணறினார். அவர் முழுசாகக் குணமாகவில்லை. அப்படி ஆகிவிட்டதாக லூரியாவும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் போராட்டத்தை 1971-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

வேலை போனது, ஆராய்ச்சி நிற்கவில்லை

போர் முடிந்ததும் லூரியாவுக்குப் பாராட்டு மழை என்று நினைத்தால் தவறு. 1950-களின் தொடக்கத்தில், யூத அறிஞர்கள் மீது கெடுபிடி அதிகமாக இருந்தபோது, மாஸ்கோ நரம்பு அறுவை சிகிச்சை நிறுவனத்தில் இருந்த வேலையை இழந்தார். குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஆய்வு நிறுவனத்தில் வேலையைத் தொடர்ந்தார். பிறகு பழைய இடத்துக்கே திரும்பினார். 1977 ஆகஸ்ட் 14-ல், 75 வயதில் காலமானார்.

இன்றைக்கு இதில் நமக்கு என்ன?

பக்கவாதமோ தலைக்காயமோ வந்தவர்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி எழுதிக் கொடுத்தால், அது வேலைவாய்ப்புப் பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குளிப்பது, சட்டை பட்டன் போடுவது, டீ போடுவது என்று அன்றாடக் காரியங்களை மறுபடி கைவசப்படுத்தும் சிகிச்சை அது. தரையில் ஒட்டும் கலர் பட்டைகள், சமையலறைச் சுவரில் ஒன்று இரண்டு எனப் படிப்படியாக எழுதிய அட்டை எல்லாம் லூரியாவின் காகிதத் துண்டுகளுக்குச் சொந்தக்காரர்கள்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஒருவருக்குக் கைகொடுத்த வழி இன்னொருவரைத் தடுக்கி விழவைக்கலாம். தரையில் பட்டை ஒட்டும் முன் தெரபிஸ்ட் ஒருமுறை நேரில் பார்ப்பது அவசியம். அவர் வரும்போது, நோயாளி எதைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.