தேக்கு மரங்களுக்கு நடுவே தூங்குபவர்

 

வாழ்க்கை வரலாறு என்றால் எல்லாரும் காந்தி, காமராஜர், பாரதியார்னுதான் எழுதுறாங்க. நான் ஒரு வெள்ளைக்கார அதிகாரியைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஹியூகோ வுட். ஆனைமலையில் அழிந்துபோன காட்டைத் திரும்ப உண்டாக்கியவர்.

பொள்ளாச்சிக்கு மேலே டாப்சிலிப் என்ற இடம் இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? அங்கே வெட்டிய தேக்கு மரங்களை யானைகளை வைத்து மலை விளிம்புக்கு இழுத்து வந்து, அங்கிருந்து சரிவில் உருட்டி விடுவார்களாம். வழுக்கிக்கொண்டே அடிவாரத்துக்கு வந்து சேருமாம். மேலிருந்து வழுக்கி விடும் இடம் என்பதால்தான் டாப்சிலிப். ஆங்கிலேயர்களுக்குக் கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். ஆனைமலைத் தேக்கு பம்பாய் வரை போனது. அப்புறம் ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைக்கும் மரம்தான். வெட்டினார்கள், வெட்டினார்கள், மலையே மொட்டையானது. இன்னொரு பக்கம் வால்பாறையில் காப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை அழித்தார்கள்.

மலையில் மரம் இல்லாவிட்டால் மழை நேராக மண்ணில் அடிக்கும். மேல்மண் கரைந்து ஓடிவிடும். தண்ணீர் பூமிக்குள் இறங்காது, ஓடை கோடையில் வறண்டுபோகும். கீழே இருக்கிற விவசாயிக்குத்தான் கஷ்டம்.

1915-ஆம் ஆண்டு வாக்கில் வுட் அங்கே வன அதிகாரியாக வந்தார். அவருக்கு வேலையே அரசாங்கத்துக்கு மரம் வெட்டிக் கொடுப்பதுதான். பேசாமல் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மரத்தை வேரோடு எடுக்காமல் தரையை ஒட்டி வெட்டச் செய்தார். தேக்குக்கு ஒரு குணம் உண்டு. அடிக்கட்டை உயிரோடு இருந்தால் மறுபடி துளிர்க்கும். நம்ம ஊர் வேலியில் பூவரசு துளிர்க்குதே, அந்த மாதிரி. துளிர்த்தது வளரும் வரை அந்தப் பகுதியை விட்டு வைக்க வேண்டும் என்பது அவர் முறை.

இதோடு நிற்கவில்லை. சட்டைப் பை நிறையத் தேக்கு விதையோடு காட்டில் நடப்பாராம். கைத்தடியால் மண்ணைக் குத்தி, குழியில் ஒரு விதை போட்டு மூடிவிட்டு அடுத்த அடி வைப்பாராம். அந்தப் பக்கத்து மக்கள் இதை இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. காசநோய் வந்து 1933-ல் குன்னூரில் இறந்தார். அவர் ஆசைப்படியே டாப்சிலிப் பக்கத்தில் மவுண்ட் ஸ்டூவர்ட்டில் தேக்குகளுக்கு நடுவே புதைத்தார்கள்.

ஒன்று மட்டும் சொல்லணும். தேக்குத் தோட்டமும் மழைக்காடும் ஒன்றல்ல. கோடையில் தேக்கு இலை உதிர்த்து நிற்கும். சிங்கவால் குரங்கு அதில் வாழாது, அதற்குப் பலவகைப் பழ மரம் வேண்டும். அதனால் இருக்கிற காட்டை அழிக்காமல் காப்பதுதான் முதல் வேலை, நடுவது இரண்டாவது என்பது என் கருத்து. ஆனாலும் அவர் அன்று நிறுத்தியிருக்காவிட்டால் காக்க என்ன மிஞ்சியிருக்கும்? அந்தக் காடு 1976-ல் சரணாலயம் ஆனது, 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது.

நம்ம நெய்வேலி நிலக்கரியும் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் புதைந்த காடுதான். அதை எடுக்கத் தோண்டிய மண் மேடுகளிலும் மரம் நட்டு வளர்த்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள்.

யாராவது தேக்கு போட ஆசைப்பட்டால் ஒரு குறிப்பு. விதையின் ஓடு ரொம்பக் கெட்டி. ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, இப்படியே சில நாள் செய்த பிறகு விதைக்க வேண்டும். அப்போதும் எல்லாம் முளைக்காது, கூடுதலாகவே போடுங்கள்.