வெளியேறச் சொன்னது ஹாங்காங்! 4 மணிக்குள் நழுவினார் தளபதி டூயி

அமெரிக்கக் கடற்படையில் பெரும் புகழ் பெற்றவர், ஜார்ஜ் டூயி. 1837-ம் ஆண்டு வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். ஆனாலும் 60 வயது வரை அவர் பெயர் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

1898 ஜனவரியில் ஆசியக் கடலில் இருந்த அமெரிக்கக் கப்பல்களுக்கு அவர் தலைவர் ஆனார். அடுத்த மாதமே, கியூபாவில் "மெயின்" என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. ஸ்பெயினுடன் சண்டை மூளும் நிலை!

ஸ்பெயின் கப்பல்கள் மணிலாவில் நின்றன. டூயி நின்றதோ ஹாங்காங்கில். அது பிரிட்டிஷ் துறைமுகம்.

கரி கவலை

சண்டை மூண்டால் நடுநிலைத் துறைமுகத்தில் தங்க முடியாது. சண்டைக்குக் கரியும் ஏற்ற முடியாது. தாய்நாடோ சுமார் 7 ஆயிரம் மைலுக்கு அப்பால். கரி இல்லேன்னா கப்பல் நகருமா?

டூயி முந்திக்கொண்டார். நான்ஷான், சாபிரோ என்ற 2 கப்பல்களை விலைக்கு வாங்கினார். கரியும் சாமான்களும் ஏற்றினார். வியாபாரக் கப்பல்கள் என்றே பதிவு செய்தார். போர்க்கப்பல் என்று பதிந்தால் அவற்றுக்கும் அதே தடைதானே!

ஏப்ரல் 22-ந்தேதி "பால்டிமோர்" கப்பல் வெடிமருந்துடன் வந்து சேர்ந்தது.

வந்தது கெடு

மறுநாளே கவர்னர் பொறுப்பில் இருந்த வில்சோன் பிளாக்கிடம் இருந்து கடிதம். 25-ந்தேதி மாலை 4 மணிக்குள் எல்லாக் கப்பல்களும் வெளியேற வேண்டும்!

பிளாக்குக்கு டூயி மீது பகை இல்லை. மனசு கேட்காமல்தான் அனுப்பினார். ஆனால் தங்க விட்டால், பிரிட்டன் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று ஸ்பெயின் சண்டைக்கு வருமே!

டூயி தகராறு செய்யவில்லை. கெடுவுக்கு முன்பே கிளம்பினார். வெகுதூரம் போகவில்லை. சுமார் 30 மைல் தள்ளி, சீனாவுக்குச் சொந்தமான மிர்ஸ் குடாவில் நங்கூரம் போட்டார். விரட்டிவிட அங்கே ஆள் இல்லை.

27-ந்தேதி மணிலாவுக்குப் புறப்பட்டார். மே 1-ந்தேதி காலையில் ஸ்பெயின் கப்பல்படையை நொறுக்கினார். எதிரி குண்டு பட்டு அமெரிக்கர் ஒருவர்கூட சாகவில்லை.

1903-ல் அவருக்கு என்றே தனிப் பதவி கிடைத்தது. அந்தப் பதவியை வேறு யாரும் வகித்ததில்லை. 1917 ஜனவரி 16-ந்தேதி தமது 79-வது வயதில் வாஷிங்டனில் காலமானார்.

அவர் ஒதுங்கிய மிர்ஸ் குடா? 1898 ஜூன் 9-ந்தேதி கையெழுத்தான குத்தகை ஒப்பந்தத்தில் அதுவும் பிரிட்டன் வசம் போயிற்று. சண்டை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால், அந்த இடமும் டூயிக்குக் கிடைத்திருக்காது!